முதல்ல கம்பைலர்

"எவன் அவன்? எங்கேயோ குளிருக்குள்ள உக்காந்துக்கிட்டு, என் சிப்புக்கு நாட்டாமை பண்றது!"

கோபம் வந்தால் விஜயபாண்டியின் குரல் மாடியோடு நிற்காது. கீழே ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே அப்பாவின் ஏலக்காய் கமிஷன் கடை, மேலே மகனின் சிப்பு கம்பெனி. போடிநாயக்கனூரில் இருந்தபடியே ஒரு புது பிராசஸர் செய்து காட்டுகிறேன் என்று மார்தட்டினார். செய்தும் காட்டிவிட்டார். ஆனால் கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளான கெர்னலில் அதற்கு இடம் கிடைத்தால்தான் ஆர்டர் என்று கோயம்புத்தூர் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. கெர்னல்காரர்களோ கதவைச் சாத்திவிட்டார்கள்.

"அவங்க கேக்குறது நியாயம்தானண்ணே," என்றாள் சந்திரவல்லி. போடிமெட்டிலிருந்து தினமும் ஜீப்பில் இறங்கி வருகிற இன்ஜினியர். "நாம எழுதுற புரோகிராமை இந்தச் சிப்புக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்கிறது கம்பைலர். அது நம்மகிட்ட மட்டும் கெடந்தா, அவங்க எதை வச்சுச் சோதிச்சுப் பாப்பாங்க? அதான் முதல்ல உலகமே பயன்படுத்துற பொதுக் கம்பைலர்ல நம்மளோடதைச் சேர்த்துட்டு வாங்கன்னு சொல்றாங்க."

"மனசே இல்லாமத் தூக்கிக் குடுத்தாச்சே! சித்திரையில குடுத்தது, இந்தா தை வந்துருச்சு. அந்தக் கம்பைலர்காரனுக இன்னும் நொட்டை சொல்லிக்கிட்டுத் திரியிறானுக. இங்க சோதனை பத்தாது, அங்க விளக்கம் பத்தாதுன்னு..."

"கேக்கட்டும். நான் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது! அவன் ஒரு வரி கேட்டா நீ ஒரு பக்கம் எழுதுற. சம்பளம் குடுக்கிறது நானு, டியூசன் எடுக்கிறது அவனுகளுக்கா?"

சந்திரவல்லியின் கீபோர்டில் சத்தம் கூடியது.

"மெயில் போடு ஆத்தா! நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளு!"

"கேட்டா மொத்தத்தையும் தூக்கி வீசிருவாங்க. செத்த நேரம் சும்மா இருங்கண்ணே!"

அதிர்ந்து பேசாதவள் அப்படிச் சீறியதும் விஜயபாண்டிக்கு இன்னும் ஏறியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நல்லதாக நாலு வார்த்தை திட்டலாம் என்று வாயெடுத்த நேரத்தில், லேப்டாப்பில் மெயில் வந்து விழுந்தது.

"அண்ணே... சேர்த்துட்டாங்க."

"என்னத்த?"

"கம்பைலரை. கெர்னல்காரங்க கேட்டது இந்த ஒண்ணுதான். இனிமே அங்க தடை இல்ல."

கோபம் போன இடம் தெரியவில்லை. விஜயபாண்டி ஜன்னலுக்கு ஓடி, "அப்பு! நம்ம சிப்பு ஜெயிச்சிருச்சு!" என்று கீழே கத்தினார். அப்பாவுக்கு என்ன புரிந்ததோ, கையை ஆட்டினார்.

திரும்பி வந்தவருக்கு ஒரு சந்தேகம். "ஆமா, நாளப்பின்ன இதுல ஒரு கோளாறுன்னா?"

"அங்க ரெண்டு பேரு பொறுப்பெடுத்திருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது அத்தனையும் அவங்களுக்குத் தெரியும். அவங்களே வெரசா சரி பண்ணிருவாங்க."

"அப்ப இனிமே ஒருத்தரை மட்டும் நம்பிக் கெடக்க வேண்டியதில்லன்னு சொல்லு!"

"இல்லவே இல்லண்ணே." சந்திரவல்லி எழுந்து நின்றாள். இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம் அவள் குரலில் வெடித்தது. "'இந்தக் கம்பைலர் தெரிஞ்ச இன்னொரு ஆளு வர்ற வரைக்கும் நீ எங்கயும் போக முடியாது'ன்னு, நான் ராஜினாமா குடுத்தப்பல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு, என் டிகிரி சர்டிபிகேட்டைப் பூட்டி வச்சுக்கிட்டீங்களே... இப்ப ஊரு உலகமே வந்தாச்சு. பீரோவைத் தொறங்க!"