ரேடியேட்டர் மூடி

இருட்டிய பிறகு, அப்போதுதான் ஓடிவந்து ஷெட்டில் நின்ற பழைய காரிலிருந்து உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது.

"தாகம் தாங்கலை," என்றது எஞ்சின். "நாளைக்கு ரெஜினாம்மா குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். நடுவழியில நின்னுடுவேன் போல."

"என்கிட்ட கழுத்துவரை தண்ணி இருக்கே," என்றது ரேடியேட்டரோடு குழாயால் இணைந்த பக்கத்துத் தண்ணீர் பாட்டில். "அம்மா தினம் என்னைப் பார்த்துட்டு நிம்மதியாப் போறாங்க. ரேடியேட்டர்தான் உறிஞ்ச மாட்டேங்குது."

ரேடியேட்டரின் மூடி மெதுவாகச் சொன்னது: "என் ரப்பர் கிழிஞ்சு மாசமாச்சு. அதான் பாட்டிலுக்குப் போன தண்ணி ரேடியேட்டருக்குத் திரும்பி வரலை. தெரிஞ்சா தூக்கி எறிஞ்சிடுவாங்கன்னு கம்முனு இருந்தேன்."

"பயம் உனக்கு. வேகறது நான்," என்றது எஞ்சின்.

மூடி யோசித்தது. பிறகு பிடியைத் தளர்த்தி, ஓரமெல்லாம் ஈரமாகும்படி ஆவியைக் கசியவிட்டது.

சூடு ஆறியதும், தினம்போல பாட்டிலைப் பார்க்க டார்ச்சுடன் வந்த ரெஜினா ஈரத்தைக் கண்டு மூடியைக் கழற்றினாள். உள்ளே பாதி காலி; மூடியின் ரப்பர் கிழிந்திருந்தது. மூடியை அவள் எறியவில்லை. காலையில் கடையில் காட்டி அதே அளவில் புதிது வாங்குவதற்காக, துப்பட்டாவில் துடைத்து வீட்டுக்குள் கொண்டுபோய்க் கதவைத் தாழிட்டாள்.