திரும்பாத முகம்

பார்வை பட்டென்று போனவர்களுக்கென்று இன்னும் சோதனையில் இருக்கும் அந்த மருந்தை மங்களேஸ்வரியின் கண்ணில் மூன்று தரம் ஏற்றிவிட்டார்கள்.

"எத்தனை விரல் தெரியுதும்மா?" என்று டாக்டர் கையை நீட்டினாள்.

விரலாவது ஒன்றாவது! தெரிந்ததெல்லாம் வீட்டு அடுப்படிதான், அன்றைக்குக் கண் இருண்ட நொடியில் பார்த்த அதே அடுப்படி. முதல் ஊசிக்கு வாணலியும் நீலத் தீயும் தெரிந்தன. அடுத்ததற்கு, முதுகு காட்டி நின்ற மகள் தாரணி. இப்போது அவளுடைய துப்பட்டா நுனி தீயின் பக்கம் லேசாக நகர்ந்திருக்கிறது. முகமும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. அன்றைக்கு மங்களேஸ்வரி அலறலை மட்டும்தான் கேட்டாள். பார்க்கக் கண் இல்லை. மகளுக்குப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது.

"இதுதான் கடைசி ஊசிம்மா. இதுல நல்லாவே தெரிஞ்சிடும், பாருங்க."

"என் பொண்ணு மூஞ்சி தெரியுமா?"

"எல்லார் மூஞ்சியும் தெரியும்மா."

இமையோரம் பஞ்சின் ஈரம் பட்டது. மங்களேஸ்வரி சட்டென்று டாக்டரின் மணிக்கட்டைப் பற்றினாள். டாக்டர் காத்திருந்தாள். பற்றிய கை தன் பக்கம் இழுக்கவும் இல்லை, தள்ளிவிடவும் இல்லை.