பாஞ்சாலை வீட்டு ரேடியோ

"காது கேக்காத பாஞ்சாலைக்கு ரேடியோ எதுக்குடி? நீயே யோசிச்சுப் பாரு" என்றாள் அருக்காணி, உப்பை வாரிக் குவித்தபடியே.

ரேணுகாவின் கால் உப்புப் பாத்தியிலேயே நின்றுவிட்டது.

"உன் வீட்டுக்காரன் பொழுது சாஞ்சா அந்தப் பாஞ்சாலை வீட்டுக்குத்தான் போறான். கையப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்களாம். கேட்டா, ஏதோ மோர்ஸாம்!"

"அது தந்தி பாஷைக்கா. ரேடியோவுல குட்டையும் நீட்டுமா சத்தம் வருமாம். அந்தக்கா ஸ்பீக்கர் மேல விரல வெச்சி, அந்த அதிர்வுலயே படிச்சிடுமாம். ஊர் ஊரா தந்தி அனுப்ப லைசென்ஸே வாங்கியிருக்குது. நாம பேசுறதக்கூட வாயசைவப் பாத்தே புரிஞ்சிக்கும்."

"ஸ்பீக்கர் மேல வெக்கிற விரலு, உன் புருஷன் கையில எதுக்கு?"

ரேணுகா குனிந்து உப்பை வாரத் தொடங்கினாள்.

ரேணுகாவின் புருஷன் பாலகுரு உப்பளத்தில் தண்ணி இறைக்கிற எஞ்சினை ஓட்டுகிறவன். வருஷக் கணக்காக அந்த எஞ்சின் ஷெட்டுதான் அவனுக்கு உலகம். கொஞ்ச நாளாகவே ஆள் சரியில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. பிள்ளை அழுதாலும் அசைவதில்லை. எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். மனசு வேறெங்கோ இருக்கிறவன் சிரிப்பு அது.

சாயங்காலம் ரேணுகா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

பாஞ்சாலை வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது.

வாசலுக்கு முதுகைக் காட்டி பாலகுரு உட்கார்ந்திருந்தான். எதிரே பாஞ்சாலை. அவன் உள்ளங்கையை விரித்துப் பிடித்து, விரலால் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரேணுகா யாரையும் அதட்டிப் பேசி அறியாதவள். இன்றைக்குத் தெருவே திரும்புகிற மாதிரி கத்தினாள்.

"யோவ்! வெக்கமா இல்ல உனக்கு?"

இடுப்பிலிருந்த பிள்ளை வீறிட்டது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் முகத்தைப் பார்த்த பாஞ்சாலை பதறிப் போய் விரலை எடுத்தாள்.

பாலகுரு மட்டும் திரும்பவே இல்லை.

மூடிய கண்ணைத் திறக்காமல், கையையும் மடக்காமல் கேட்டான்:

"ஏங்க்கா நிறுத்திட்டீங்க? ரேணுகான்னு இன்னொருக்கா தட்டுங்க. எஞ்சின் சத்தம் என் காதைத் தின்னுடிச்சின்னு என்னைக்காவது அவகிட்ட சொல்லித்தானே ஆகணும்? இனிமே நாங்க கையில தட்டித்தானே பேசிக்கணும், அன்னைக்கு அவ பேரையாவது அவ கையில தப்பில்லாம தட்டிக் காட்டணும்க்கா."