தனியா விடாதீங்க

தனக்கோடிக்கு ஜெயவேலு ரசம் சாதத்தை ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் துண்டால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டான். வார்டிலிருந்த மற்ற பெண்கள் தங்கள் புருஷன்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

செம்பாக்கத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவன். சாக முயன்ற மனைவியைத் தாம்பரத்தில் இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. இன்று வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அனுப்புவதற்கு முன், நர்ஸ் யூனிஸ் அவனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பவும் உயிரோட இருக்க வேணாம்னு தோணுதா, தனக்கோடி?"

"தோணுது சிஸ்டர்."

"யாராவது பக்கத்துல இருந்தா?"

"அப்போ தோணாது. தனியா இருந்தாத்தான்... ஆறு வருஷமா ஒரு புள்ள இல்ல. நான் இருந்து இன்னா பிரயோஜனம்?"

யூனிஸ் அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு வராந்தாவுக்கு வந்தாள்.

"சார், ஆபத்து இன்னும் முழுசா போகல. மருந்து ஒழுங்கா குடுத்து, யாராவது கூடவே இருந்தா கண்டிப்பா தேறிடுவாங்க."

ஜெயவேலுவின் முகம் தொங்கிப் போயிற்று. பாவம், மனுஷனுக்கு நம்பிக்கை வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள் யூனிஸ்.

"தனியா வுட்டா, சிஸ்டர்?"

"விடவே கூடாது சார். மறுபடி அதே முடிவுக்குத்தான் போவாங்க."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டான். "புள்ள இல்லாட்டி போவுது சிஸ்டர். எனக்கு அவதான் புள்ள."

யூனிஸும் பதிலுக்குக் கும்பிட்டாள். இப்படியொரு புருஷன் இருந்தால் எவளும் பிழைத்துக்கொள்வாள்.

அவன் வெளியே போன பிறகுதான், அடுத்த வாரம் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்ல மறந்தது அவளுக்கு நினைவு வந்தது. வாசலைத் தாண்டி ஓடினாள்.

எதிரே எஸ்.டி.டி. பூத்தில், கண்ணாடிக் கதவைக்கூடச் சாத்தாமல், ஜெயவேலு வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தான்.

"அம்மா, அவள இட்டுகினு வரேன். நீ எல்லாருக்கும் துணிமணி எடுத்து வை, நாளைக்குக் காலைல திருப்பதி போறோம்... அவளா? அவ மட்டும் வூட்ல இருக்கட்டும்."