தணலுக்கு அந்தப் பக்கம்

லிம்மாத் ஆற்றங்கரையில், டீட்டிகோன் ஊர்க்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சி வாட்டும் இடத்தில், ஒரு முழுப் பன்றி தணலுக்கு மேல் சுழல்கிறது. மாரிசெல் தன் மகளின் ஞானஸ்நானத்துக்குச் செய்யும் லெச்சோன் அது. பிலிப்பீன்காரருக்கு அது இல்லாமல் கொண்டாட்டம் இல்லையாம். பன்றியைக் கோத்த தண்டைச் சுழற்றுகிறவர் அவளோடு கிடங்கில் வேலை செய்யும் தவச்செல்வன். நாலு மணித்தியாலமாகச் சுழற்றுகிறார். வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் கதிரையை விட்டு எழும்பாத மனிதர். அவருடைய மனைவி புனிதவதி மர வாங்கில் உட்கார்ந்தபடி பார்க்கிறாள். மாரிசெல் எலுமிச்சம்புல் கட்டைப் பாலில் தோய்த்துப் பன்றியின் முதுகில் தடவுகிறாள். பிறகு ஒரு கடதாசியை எடுத்து அவருடைய நெற்றி வியர்வையை ஒற்றுகிறாள். கொழுப்பு சொட்டித் தணல் சீறுகிறது.

“இஞ்சாருங்கோ, தேத்தண்ணி ஆறுது,” என்று புனிதவதி கூப்பிடுகிறாள்.

“பொறும். இப்ப விட்டால் ஒரு பக்கம் கருகிப்போகும்.”

பன்றியின் தோல் செம்பழுப்பாக மினுங்குகிறது. அவருடைய முகமும் மினுங்குகிறது. கலியாணப் பட அல்பத்தில்கூட அப்படியொரு முகம் இல்லை. மாரிசெல் முதல் தோல்துண்டைப் பிய்த்து, வேறொருவருக்கும் கொடுக்காமல், நேரே புனிதவதியிடம் கொண்டுவந்து நீட்டுகிறாள். உப்புக் காணாது என்று சொல்லப் புனிதவதி காலையிலிருந்தே ஆயத்தமாக இருக்கிறாள். வாங்கிக் கடிக்கிறாள். ஓடு நொறுங்குவதுபோல் அது அவள் வாய்க்குள் அவ்வளவு சத்தமாக உடைகிறது. விருந்துக்கு வந்த எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்துக் கைதட்டுகிறார்கள். தவச்செல்வனும் தண்டை விட்டுவிட்டுக் கைதட்டுகிறார், மாரிசெல்லைப் பார்த்து.