ஒத்தை ஆளுக்கா ஒரு பாதை?

"ஒத்தை ஆளு குளிக்கதுக்கு ஒரு பாதையா? நல்லா இருக்கே கதை!"

அனந்தநாராயணன் சார்வாள் எழுந்து நின்று கேட்டதும் பேரூராட்சிக் கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரிட்டயர் ஆன வாத்தியார். அக்கிரகார வார்டுக்கு உறுப்பினர். அவர் பேச்சுக்கு ஊரில் மதிப்பு உண்டு.

ஊனமுற்றோருக்கு ஊருக்கு ஊர் ஏதாவது செய்து கொடுக்க வேண்டுமென்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. தொண்ணூற்றாறு தேர்தலில் ஜெயித்து வந்த தலைவி சாலோமி, "அவுகளுக்கு என்ன வேணும்னு அவுககிட்டயே கேட்டுருவோம்" என்று குடை ரிப்பேர் நூர்முகம்மதை வரவழைத்திருந்தாள்.

இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவன் நூர்முகம்மது. பெட்டிக்கடை கேட்பான், தையல் மிஷின் கேட்பான் என்று பார்த்தால், தாமிரபரணிப் படித்துறையில் சக்கர வண்டி இறங்குகிற மாதிரி ஒரு சாய்வுப் பாதை வேண்டும் என்கிறான்!

"ஏம்வே நூரு, நீர்தான் தெனம் வண்டியை மேல விட்டுட்டு, படியில தவழ்ந்து எறங்கி, கெண்டைமீனாட்டம் நீந்திட்டு வாரீரே. இப்ப என்ன புதுசா?"

"மழையில நனைஞ்சுதான் பழகியாச்சேன்னு எல்லாரும் இருந்துட்டா, என் குடைப் பொழப்பு என்னத்துக்கு ஆகும் சார்வாள்?"

இப்போது கூட்டம் சார்வாளைப் பார்த்துச் சிரித்தது. அவருக்கு மூக்கு விடைத்துக்கொண்டது.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. அக்கிரகாரம், ஆத்தங்கரைத் தெரு பூரா கணக்கெடுத்தாச்சுவே. ஊனமுற்றவர் ஒரே ஒருத்தர். அதுவும் நீர்தான்."

நூர்முகம்மது அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "நல்லா எண்ணுனியளா சார்வாள்?"

"வீடு வீடா நாந்தானே கூடப் போனேன்!"

சாலோமி குறுக்கே வந்தாள். "என்ன வேணும்னு கேட்டுட்டு, கேட்டதைக் குடுக்காட்டா, நாம கேட்டதுக்கு என்ன அர்த்தம்? கையைத் தூக்குங்க பாப்போம்."

அரைமனதோடு கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

சார்வாள் வீட்டுக்கு வந்தும் பொரிந்து தள்ளினார். கட்டிலில் கிடந்த மனைவி பாலாம்பாள் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதிலிருந்து அவளுக்கு அந்தக் கட்டிலும் பக்கத்து ஜன்னலும்தான் உலகம்.

"பாதைதானே, போட்டா போட்டுண்டு போறா. ஆத்துல இப்போ தண்ணி எப்படிப் போறது?"

"எப்பவும் போலத்தான் போறது. வெறும் தண்ணிதானேடி! வெந்நீர் வச்சிருக்கேன், ஒத்தடம் குடுக்கட்டுமா?"

சார்வாளைக் குறை சொல்ல முடியாது. கஞ்சி ஊட்டுவார், தலை வாரிவிடுவார். ஒரு நாள் முகம் சுளித்தவரில்லை.

தை பிறந்ததும் பாதை திறப்பு விழா. வேண்டாமென்று வாதாடிய சார்வாள்தான் விடியக்காலமே மாலையும் கையுமாகப் படித்துறையில் முதல் ஆளாக நின்றார். ஊரே திரண்டிருந்தது.

"வண்டி வருது! வண்டி வருது!"

தள்ளிக்கொண்டு வந்தது சாலோமி. பக்கத்திலேயே, கையை ஊன்றித் தரையில் தவழ்ந்து வந்தான் நூர்முகம்மது.

அப்படியானால் வண்டியில் யார்?

மடிசாரும் மஞ்சள் முகமுமாக, சரிந்துவிடாமல் இடுப்பை ஒரு துண்டால் கட்டி, பாலாம்பாள்!

சார்வாள் கையிலிருந்த மாலை நழுவியது. "என்னவே... என்னவே இது?"

"உங்க கணக்குல விட்டுப்போன ஆளு சார்வாள்."

நூர்முகம்மது வண்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நான் குளிச்சிட்டு உங்க ஜன்னலைத் தாண்டித்தான் வருவேன். 'நூரு, இன்னைக்கு எத்தனை படி முங்கியிருக்கு? அக்கரையில நாத்து நட்டாச்சா? கொக்கு வந்துதா?'ன்னு அம்மா தெனமும் கேப்பாக. நானும் சொல்லுவேன். எத்தனை நாளைக்குத்தான் சார்வாள், நான் ஆத்தை வாயிலயே சுமந்துட்டு வருவேன்?"

வண்டி பையப் பைய இறங்கியது. சக்கரம் நனைந்தது. ஓடுகிற தண்ணீர் வந்து, உணர்ச்சியில்லாத காலையும் உணர்ச்சியுள்ள காலையும் ஒன்றுபோலத் தொட்டது. பாலாம்பாள் நல்ல கையால் ஒரு கை அள்ளித் தலையில் விட்டுக்கொண்டாள். மேற்கே பொதிகைமலையைப் பார்த்தாள். மறுபடி அள்ளினாள். அன்றைக்குக் கூட்டத்தில் சிரித்தவர்கள்கூட, சாமி புறப்பாடு பார்க்கிற மாதிரி கைகூப்பி நின்றார்கள்.

சார்வாள் வேட்டி நனைய ஓடி இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டார்.

பாலாம்பாள் அவர் பக்கம் திரும்பினாள். கோணிய வாயில் பேச்சு பைய வந்தது.

"ஏன்னா... இதையா வெறும் தண்ணின்னேள்?"