வராதவர் வாசல்

"அன்னைக்கு வந்திருக்கணும்லம்மா" என்றார் மாடி வீட்டுக்காரர். கூட்டம் நடக்கப்போவதைத் தெருத் தெருவாகச் சொல்லிவிட்டுத்தானே போனார்கள் என்று அவர் இழுக்க, நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின.

தையல்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சமுதாயக் கூடத்துச் சுவரில் குடியிருப்பின் வரைபடம் தொங்கியது. பெரிய குப்பைத்தொட்டிகள் வரப்போகின்றன, எங்கே வைக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்று, போன கூட்டத்தில் ஆளுக்கொரு சிவப்பு ஸ்டிக்கர் கொடுத்திருந்தார்கள். ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவள் வீட்டுச் சுவர்மேல் அம்மை போட்ட மாதிரி அப்பியிருந்தது.

அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தங்கைக்கு ஆபரேஷன்.

இந்தக் கூத்தே, பின்தெருவில் தனியாளாகக் குடியிருக்கும் நர்ஸ் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இன்று காலை டியூட்டிக்குக் கிளம்பியவள், அவசரத்திலும் நின்று சொல்லிவிட்டுப் போனாள். "மறுபடி கூட்டம் போடறாங்க. எனக்கு லீவு தரலக்கா. நீங்க போய்க் கேளுங்க, விட்டுடாதீங்க. அன்னைக்கு நான் ஒருத்தி கத்திப் பார்த்தேன், எடுபடல."

தையல்காரி எழுந்தாள்.

"வராதது தப்புன்னே வச்சுக்குவோம். அதுக்கு என் வாசல்ல குப்பையா?"

மாடி வீட்டுக்காரர் பெரும்பான்மை அது இது என்று ஆரம்பித்தார். அவள் விடவில்லை. முன்னறையில் மெஷினைப் போட்டுத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு எவள் துணி கொடுக்க வருவாள் என்று கேட்டாள். அப்படியே மளிகைக் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏண்ணே, பேன்ட் இடுப்பைப் பிரிச்சு விடறதுக்கு மட்டும் என் வாசல் தெரியுது, இல்ல?"

அவர் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

"கருத்துக் கேக்கறதுன்னா, இருக்கறவங்களைக் கேட்டுட்டு இல்லாதவங்க தலையில கட்டறதா சார்? வாயைத் திறக்க ஆள் இல்லாத இடமாப் பார்த்து ஒட்டியிருக்காங்க. மனசாட்சின்னு ஒண்ணு வேணாமா?" கூட்டத்தை நடத்திய நகராட்சி அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்.

பின்வரிசையிலிருந்து பள்ளிக்கூடச் சந்துப் பெண் ஒருத்தி கைதட்டினாள். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

அதிகாரிக்கு முகம் சுண்டிப்போனது. எழுந்துபோய் ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார்.

"நீங்க சொல்றது நியாயம்தான்மா. முதல்ல இருந்து பண்ணிடுவோம். நீங்களே ஆரம்பிச்சு வைங்க."

ஜெயித்த களையோடு புது ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

விரல் பூங்காப் பக்கம் போனது. அங்கேதான் மாடி வீடு. பின்னாலிருந்து ஒரு செருமல் கேட்டது.

கடைத் திருப்பத்துக்கு நகர்த்தினாள். மளிகைக் கடைக்காரர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

பள்ளிக்கூடச் சந்துக்குப் போனாள். திரும்பிப் பார்த்தால், கைதட்டிய பெண்ணே முறைத்துக்கொண்டிருந்தாள்.

எந்த இடத்துக்குப் போனாலும் அந்த இடத்துக்கென்று ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது.

விரல் மெல்லப் பின்தெருவில் இறங்கியது. நர்ஸ் வீட்டுச் சுவர்.

யாரும் செருமவில்லை.

ஸ்டிக்கரின் பின்தாளை உரித்தாள்.

"பாவம்தான்... ஆனா அவளும் இன்னைக்கு வந்திருக்கணும்ல" என்று முணுமுணுத்தபடி, ஸ்டிக்கரை அங்கே வைத்துக் கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்தாள்.